உங்கள் ஆன்லைன் பாடத்துக்குத் தரச் சான்று வாங்குவது எப்படி: காரைக்குடி கணக்கு டீச்சரின் குறிப்புகள்

காரைக்குடி செக்காலை ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் கணினிக் கணக்கும் ஜிஎஸ்டியும் சொல்லிக் கொடுக்கிறேன். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் வகுப்பை ஆன்லைனுக்குக் கொண்டு போனேன். ஊரடங்கு போன பிறகும் ஆன்லைன் போகவில்லை. புதுவயல், பள்ளத்தூர், திருப்பத்தூர் என்று பஸ் ஏறி வந்த பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கப் பழகிவிட்டார்கள். எட்டு வாரம், 32 மணி நேரப் பாடம்.

ஒருநாள் ஒரு கல்லூரியிலிருந்து போன் வந்தது. "உங்க கோர்ஸை எங்க பிள்ளைங்களுக்கு ஆட்-ஆன் கோர்ஸா வைக்கலாம்னு இருக்கோம் மேடம். தரச் சான்று ஏதும் இருக்கா?" இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டே நாளில் வாங்கியும் கொடுத்தேன். அது செல்லாத காகிதம் என்பதை அந்தக் கல்லூரி ஒருங்கிணைப்பாளர்தான் எனக்குச் சொன்னார். அதற்குப் பிறகு ஒழுங்காகச் செய்து முடிக்க எட்டு மாதம் ஆயிற்று.

தையல், ஆரி ஒர்க், பலகாரம், ஸ்போக்கன் இங்கிலீஷ், கணக்கு என்று சொந்தமாக ஆன்லைன் பாடம் நடத்தும் சின்ன ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டம் தரும் ஆன்லைன் படிப்பு இதில் சேராது. அது பல்கலைக்கழகங்களுக்கு உரியது. யுஜிசியின் 2020 ஒழுங்குமுறைக்கு உட்பட்டுத்தான் நடத்த முடியும்.

1. யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்

"தரச் சான்று" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சாமான்கள் இருக்கின்றன. உங்கள் நிறுவனம் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. இந்தக் குறிப்பிட்ட பாடம் நன்றாக அமைந்திருக்கிறது என்பதற்கு ஒன்று. படித்து முடித்த பிள்ளைக்கு இந்த வேலை தெரியும் என்பதற்கு ஒன்று. கேட்பவருக்கு எது வேண்டும் என்று தெரியாமல் பணம் கட்டினால், சேலைக்குக் காசு கொடுத்துவிட்டு ரவிக்கைத் துணியோடு வீடு திரும்பியது போல ஆகிவிடும்.

ஐஎஸ்ஓ 21001 முதல் வகை. கல்வி நிறுவனங்களின் மேலாண்மைக்கான தரநிலை அது, 2018இல் முதலில் வெளிவந்தது. பாடத்தை வெளி ஆட்கள் ஓர் அளவுகோலை வைத்து அலசி மதிப்பெண் போடுவது இரண்டாம் வகை. தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமமான என்சிவெட் அங்கீகரித்த அமைப்புகள் மாணவருக்குத் தருவது மூன்றாம் வகை. உங்கள் பிள்ளைகள் அரசுத் திறன் பயிற்சித் திட்டங்களில் சேர வேண்டும் என்றால் மூன்றாவதைத்தான் பார்க்க வேண்டும். நம்மைப் போன்ற ஓர் அறை நிறுவனம் தானே சான்று வழங்கும் அமைப்பாக ஆவது நடக்கிற காரியம் இல்லை. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற அமைப்பின் கீழ் பயிற்சி மையமாகச் சேரலாம். அப்படிச் சேர்ந்தால் பாடத்திட்டமும் அவர்களுடையது, தேர்வும் அவர்கள் கையில்.

கேட்டவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, "எந்த வகைச் சான்று, எந்த நோக்கத்துக்கு, எந்தத் தேதிக்குள்" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். எனக்கு வந்த பதிலில் ஐஎஸ்ஓ என்ற சொல்லே இல்லை. 30 மணி நேரத்துக்குக் குறையாத பாடம், அதற்குப் பாடத்திட்டம், வருகைப் பதிவு, மதிப்பீட்டு ஆதாரம், கூடவே "வெளியார் செய்த தரச் சோதனை". இதை முதல் நாளே கேட்டிருந்தால், அந்தச் செல்லாத ஐஎஸ்ஓ காகிதத்துக்குக் கொடுத்த 4,500 ரூபாய் தப்பியிருக்கும்.

2. சான்று தருகிறவருக்கு யார் சான்று கொடுத்தார்கள் என்று பாருங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். "ரெண்டே நாள்ல கையில மேடம், ஆதார், பான், ஒரு லோகோ மட்டும் அனுப்புங்க" என்றார் ஒருவர். அனுப்பினேன். தங்க முத்திரை, பார்கோடு, நீல ரிப்பன் படம் எல்லாம் போட்டு பிடிஎஃப் வந்தது. ஒருவரும் என் வகுப்பைப் பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பு தரநிலையை எழுதி வெளியிடும், அவ்வளவுதான். யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. கொடுப்பவை தனிச் சான்றமைப்புகள். அந்தச் சான்றமைப்புகளைச் சோதித்து அங்கீகரிப்பது இந்தியாவில் என்ஏபிசிபி. அது இந்தியத் தர மன்றத்தின் கீழ் இருக்கிறது. வெளிநாட்டு அங்கீகார அமைப்புகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்த அங்கீகார அமைப்பு சர்வதேச அங்கீகார உடன்படிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஏஎஃப் சர்ட்சர்ச் என்ற இணையத் தேடலில் நிறுவனத்தின் பெயரையோ சான்று எண்ணையோ போட்டுச் சரிபார்க்கலாம். கல்லூரிக்காரர் இதைத்தான் செய்தார். என் எண்ணைப் போட்டார், ஒன்றும் வரவில்லை.

விலைக்கோரல் கேட்கும்போதே இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள்: உங்களை அங்கீகரித்தது யார்? அந்த அங்கீகாரத்தில் 21001 அடங்குகிறதா (ஐஎஸ்ஓ 9001 என்ற பொதுவான தர மேலாண்மைத் தரநிலைக்கு மட்டும் அங்கீகாரம் வைத்துக்கொண்டு இதற்கும் சான்று தருகிறவர்கள் இருக்கிறார்கள்)? தணிக்கை எத்தனை நாள், யார் வருவார்? மூன்று வருடத்துக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?

"ஆவணங்களையும் நாங்களே தயாரித்துத் தந்துவிடுவோம்" என்று சான்றமைப்பே சொன்னால் போனை வைத்துவிடுங்கள். ஆலோசனை சொல்கிறவரும் தணிக்கை செய்கிறவரும் ஒரே அமைப்பாக இருக்கக் கூடாது என்பது சான்றமைப்புகளுக்கான விதி. தனி ஆலோசகரை வைத்துக்கொள்ளலாம், அது உங்கள் இஷ்டம். நான் வைத்துக்கொள்ளவில்லை. கணக்கு எழுதத் தெரிந்தவளுக்குப் பதிவேடு எழுதத் தெரியாதா என்ற திமிர்தான்.

இன்னொரு கண்கட்டு வித்தை: "நிதி ஆயோக் பதிவு பெற்றது", "மத்திய அரசு எம்எஸ்எம்இ அங்கீகாரம்" என்ற வரிகள். தொண்டு நிறுவனங்களைப் பதியும் நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பண் தளத்தில் பதிந்தால் ஓர் எண் கிடைக்கும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்தாலும் கிடைக்கும். இரண்டும் பதிவு மட்டுமே. பாடத்தின் தரத்தை யாரும் பார்த்ததாக அதற்கு அர்த்தம் கிடையாது. உத்யம் பதிவு உங்களுக்கும் தேவைப்படும், ஆனால் அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் தவறான தளத்தில் இருக்கிறீர்கள்.

3. ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள்

உலகத்தில் அளவுகோலுக்குப் பஞ்சமில்லை. மின்வழிக் கற்றலின் தரத்துக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 40180 (2017) இருக்கிறது. தொலைவழிக் கற்றல் சேவைக்கு ஐஎஸ்ஓ 29994 (2021) இருக்கிறது. அமெரிக்காவில் குவாலிட்டி மேட்டர்ஸ் என்ற முறை பிரபலம். பாட அறிமுகம், கற்றல் நோக்கங்கள், மதிப்பீடு, பாடப்பொருள், செயல்பாடுகள், தொழில்நுட்பம், மாணவருக்கான உதவி, அணுகல் வசதி என்று எட்டுத் தலைப்பில் மூன்று பேர் பாடத்தைப் பார்ப்பார்கள். கட்டாய அம்சங்கள் அத்தனையும் இருக்க வேண்டும், மொத்தத்தில் 85 சதவீதமும் வர வேண்டும்.

நமக்குக் காசில்லாமல் கிடைக்கும் நல்ல தொடக்கம், மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தின் நாற்பகுதி முறை. காணொளிப் பாடம், படிக்கக் கொடுக்கும் குறிப்பு, கலந்துரையாடல், மதிப்பீடு. ஒரு தாளை நான்காக மடித்து, ஒவ்வொரு வாரத்துக்கும் நான்கு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். என் தாளில் எட்டு வாரத்துக்கும் காணொளிக் கட்டம் நிரம்பி வழிந்தது, கலந்துரையாடல் கட்டத்தில் எட்டு முறையும் "வாட்ஸ்அப் குரூப்" என்று எழுதியிருந்தேன். அந்தக் குரூப்பில் பாதி குட் மார்னிங் படம்.

4. உங்கள் பாடத்தை நீங்களே பிரித்துப் போடுங்கள்

இதற்கு எனக்கு ஆறு வாரம் ஆனது. வேலையில் பெரும்பங்கு இங்கேதான், சான்று வாங்குவதில் இல்லை.

ஒவ்வொரு வாரத்துக்கும் "இந்த வாரம் முடிந்ததும் மாணவர் இதைச் செய்வார்" என்று ஒரு வரி எழுதுங்கள். "ஜிஎஸ்டி பற்றி அறிந்துகொள்வார்" என்று எழுதினால் செல்லாது, அறிந்தாரா என்பதை எப்படிப் பார்ப்பீர்கள்? "பத்துக் கொள்முதல் ரசீதைக் கொடுத்தால் உள்ளீட்டு வரியைச் சரியாகப் பிரித்துப் பதிவார்" என்று எழுதுங்கள். பக்கத்தில், எந்தக் காணொளி அதைச் சொல்லிக் கொடுக்கிறது, எந்தப் பயிற்சியில் செய்கிறார், எந்தத் தேர்வில் சோதிக்கிறோம் என்று மூன்று பத்தி போடுங்கள். இந்த அட்டவணைதான் உங்கள் கோப்பின் முதுகெலும்பு. பிறகு வந்த மூன்று மதிப்பீட்டாளர்களும் தணிக்கையாளரும் முதலில் கேட்டது இதைத்தான். நான் எழுதியபோது ஐந்தாம் வாரத்தில் சொல்லிக் கொடுக்காத ஒன்றைத் தேர்வில் கேட்டிருந்தது வெளியே வந்தது. நான்கு வருடமாக அப்படியே ஓடியிருக்கிறது. பிள்ளைகள் யூடியூபில் பார்த்து எழுதியிருக்கிறார்கள், பாவம்.

நேரக் கணக்கை நேர்மையாகப் போடுங்கள். 32 மணி நேரம் என்று விளம்பரம் செய்திருந்தேன். கூட்டிப் பார்த்தால் காணொளி 11 மணி, பயிற்சி 13 மணி, வாரம் ஒரு மணி நேரடி உரையாடல் என்று 8 மணி. நல்லவேளை, கணக்கு நேரானது. பயிற்சி நேரத்தை நீங்களாக ஊகிக்காதீர்கள். நான்கு பிள்ளைகளை உட்கார வைத்துக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். தேசியக் கடன்மதிப்புச் சட்டகத்தில் 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். அதற்காக "இந்தப் பாடத்துக்கு ஒரு கிரெடிட்" என்று நீங்களே அச்சடிக்கக் கூடாது. கிரெடிட் தரும் உரிமை அங்கீகரிக்கப்பட்ட அமைப்புக்குத்தான்.

அடுத்தது, பழகாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் போனைக் கொடுத்து, "முதல் பாடத்தைத் திறங்க ஆச்சி" என்றேன். ஐந்து நிமிடம் தடவிவிட்டு, "ஏத்தா, எதை அமுக்கச் சொல்ற? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்றார். எட்டுப் பொத்தானும் ஒரே சாம்பல் நிறம், எழுத்தும் வெளிர் சாம்பல். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் அளவு. இலவசச் சோதனைக் கருவிகள் நிறைய உண்டு. அன்றே மாற்றினேன். ஆச்சி இரண்டாம் முறை திறந்துவிட்டார், பாடத்தை மட்டும் கேட்க மறுத்துவிட்டார்.

காணொளிக்கு எழுத்து வரி (சப்டைட்டில்) கட்டாயம் போடுங்கள். காது கேளாதவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், பஸ்ஸில் ஒலியை அணைத்துவிட்டுப் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். ஒரு மணி நேரக் காணொளிக்கு வரி போட எனக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. பிறகு பழைய மாணவிகள் இரண்டு பேருக்குக் காணொளி மணிக்கு 600 ரூபாய் என்று பேசிக் கொடுத்தேன். 11 மணிக்கு 6,600. மைக் ஒன்று 3,200.

இப்போது முக்கியமான பொறி. பாடப்பொருள் பழசாகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகள் போய்விட்டன. என் நான்காம் வாரப் பாடத்தில் ஆத்தங்குடி தளக்கல் பட்டறை ஒன்றை உதாரணமாக வைத்து, சிமெண்ட் கொள்முதலுக்கு 28 சதவீதம் போட்டிருந்தேன். அது 18 ஆகிவிட்டது. பலகாரக் கடை உதாரணத்தில் லேபிள் ஒட்டிய பாக்கெட் மிக்சருக்கு 12, அது 5 ஆகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு மதிப்பீட்டாளர்தான் சுட்டிக் காட்டினார். கணக்கு டீச்சருக்கு இதைவிட அவமானம் வேறில்லை. அதிலிருந்து இரண்டு காரியம் செய்கிறேன். மாறக்கூடிய எண்களைக் காணொளியில் சொல்வதில்லை, பக்கத்தில் திருத்தக்கூடிய குறிப்பில் வைக்கிறேன். ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் "கடைசியாகச் சரிபார்த்த தேதி" போடுகிறேன், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்கிறேன். சமையல், தையல் பாடக்காரர்களுக்கு இது அவ்வளவு கடிக்காது. சட்டம், வரி, மென்பொருள் சொல்லிக் கொடுக்கிறவர்கள் தூங்கக் கூடாது.

5. தேர்வை நம்பும்படி செய்யுங்கள்

ஆன்லைன் பாடத்தைப் பற்றி யார் சந்தேகப்பட்டாலும் இங்கேதான் கை வைப்பார்கள். "எழுதினது அந்தப் பொண்ணா, அவ அண்ணனா?" இதற்குப் பதில் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

கண்காணிப்பு மென்பொருள் வாங்க எனக்கு வசதியில்லை. அதனால் தேர்வை இரண்டாக உடைத்தேன். முதல் பாகம் செய்முறை. ஒரு கற்பனைக் கடையின் ரசீதுகளை ஸ்கேன் செய்து அனுப்புவேன். ஒரு தடவை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடை, அடுத்த தடவை புதுவயல் அரிசி ஆலை. ஒவ்வொருவருக்கும் தொகை வேறு வேறு. 48 மணி நேரத்தில் பதிந்து அனுப்ப வேண்டும். இரண்டாம் பாகம் காணொளி அழைப்பில் பத்து நிமிட நேர்முகம். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, தான் போட்ட பதிவில் நான் சொல்லும் இரண்டைத் திறந்து ஏன் அப்படிப் போட்டேன் என்று சொல்ல வேண்டும். அண்ணன் போட்டுக் கொடுத்திருந்தால் இரண்டாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். 30 பேருக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது, உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

மதிப்பெண் போடுவதற்கு முன்பே மதிப்பீட்டுத் தாளை எழுதி வைத்துவிடுங்கள். எந்தத் தவறுக்கு எத்தனை மதிப்பெண் குறையும் என்பது மாணவருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். பத்து விடைத்தாளை இன்னொருவரிடமும் கொடுத்துத் தனியே திருத்தச் சொல்லுங்கள். எங்கள் இருவர் மதிப்பெண்ணும் முதல் முறை பல தாள்களில் ஒத்துப் போகவில்லை. தாளில் "ஓரளவு சரி" என்று எழுதியிருந்ததுதான் காரணம். எது ஓரளவு?

கொள்குறி வினா வைத்திருந்தால், எந்தக் கேள்விக்கு எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று பாருங்கள். மூடில் போன்ற இலவசக் கற்றல் தளங்கள் இந்தப் புள்ளிவிவரத்தைத் தானே எடுத்துத் தரும். எல்லாரும் சரியாக எழுதும் கேள்வி எதையும் சோதிப்பதில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் தவறவிட்டு, மற்றவர்கள் சரியாக எழுதும் கேள்வி இருந்தால் கேள்வியிலேயே கோளாறு. என்னுடைய 60 கேள்வியில் 14ஐத் தூக்கினேன்.

தேர்ச்சி அளவுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால், ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெலின் முறையைப் பாருங்கள். வாரப் பயிற்சிக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10ம் தேர்வில் 30ம் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். இரண்டிலும் தனித்தனி அளவு வைப்பது நல்ல யோசனை. நானும் அப்படியே மாற்றிவிட்டேன்.

6. மூன்று வெளி ஆட்களைக் கூட்டி வாருங்கள்

ஒருவர் பாடம் தெரிந்தவர், ஒருவர் சொல்லிக் கொடுக்கும் முறை தெரிந்தவர், ஒருவர் உங்கள் பாடத்தைப் படித்து வேலைக்குப் போன பழைய மாணவர். என் விஷயத்தில் தணிக்கை அலுவலகம் வைத்திருக்கும் ஒருவர், ஓய்வு பெற்ற வணிகவியல் பேராசிரியை ஒருவர், கோட்டையூரில் கணக்கு வேலை பார்க்கும் மாணவி. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் அதைச் சுற்றிக் கல்லூரிகளும் இருப்பதால் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. தெரிந்தவர், உறவுக்காரர் வேண்டாம். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போய்விடுவார்கள்.

ஆளுக்கு 3,000 ரூபாய், மூன்று வாரம் கெடு. மாணவர் பார்க்கும் அதே கடவுச்சொல்லில் உள்ளே விட்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கவில்லை. ஒவ்வொரு அம்சத்துக்கும் "இருக்கிறது, இல்லை, எந்த இடத்தில்" என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுத் தர வேண்டும். நல முரண் இல்லை, அதாவது இந்தப் பாடத்தால் தனக்கு ஆதாயம் ஏதும் இல்லை என்று ஒரு வரியும் அதில் எழுதி வாங்குங்கள். வந்த 41 குறைகளையும் ஓர் அட்டவணையில் போட்டு, எதை எப்போது திருத்தினேன், எதைத் திருத்தவில்லை, ஏன் என்று எழுதினேன். எல்லாவற்றையும் திருத்த வேண்டும் என்பதில்லை. ஏன் விட்டீர்கள் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

உண்மையைச் சொன்னால், கல்லூரிக்கு இந்த அறிக்கைகளே போதுமானதாக இருந்தது. ஐஎஸ்ஓ சான்று வருவதற்கு முன்பே முதல் மாணவர் அணி (பேட்ச்) சேர்ந்துவிட்டது. உங்களிடம் கேட்பவருக்கும் இதுவே போதும் என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். அடுத்த படிக்குச் செலவு அதிகம்.

7. கோப்பு

ஐஎஸ்ஓ 21001க்குப் போவதென்றால் முதலில் தரநூலை வாங்கிப் படியுங்கள். விண்ணப்பத்தோடு நிறுவனப் பதிவு (உத்யம், இருந்தால் ஜிஎஸ்டி எண்), பான், இடத்தின் வாடகை ஒப்பந்தம், வேலை பார்ப்பவர்கள் பட்டியல், எந்தெந்தப் பாடத்துக்குச் சான்று வேண்டும் என்ற எல்லை ஆகியவை கேட்டார்கள். எல்லையைச் சொல்லும்போது "கல்விச் சேவைகள்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "கணினிக் கணக்கு, ஜிஎஸ்டி ஆன்லைன் பயிற்சி" என்று எழுதுங்கள். சான்றிலும் அந்த வரிதான் அச்சாகும்.

தணிக்கையாளர் பார்க்கிறவை வேறு: நான்காம் படியின் அட்டவணை, மதிப்பீட்டாளர் அறிக்கைகள், மாணவர் கருத்துகளும் அதற்கு நீங்கள் செய்ததும், ஆசிரியரின் தகுதி ஆவணங்கள், புகார் மற்றும் மேல்முறையீட்டுப் பதிவேடு, உள் தணிக்கை அறிக்கை, நிர்வாக மறுஆய்வுக் குறிப்பு. கடைசி இரண்டும் இல்லாமல் தணிக்கையே முடியாது. உள் தணிக்கையை உங்கள் வேலையை நீங்களே தணிக்கை செய்யாதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் தோழியை அழைத்தேன், அவர் வகுப்புக்கு நான் போனேன்.

என் புகார்ப் பதிவேடு காலியாக இருந்தது. பெருமையாகக் காட்டினேன். "புகாரே வராத இடம் இருக்காது மேடம், நீங்க எழுதல" என்றார் தணிக்கையாளர். வாட்ஸ்அப்பில் வந்த "அக்கா, வீடியோ ஓடல" எல்லாம் புகார்தான். எழுதுங்கள்.

மாணவர் விவரங்களைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர் குழந்தை, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். பிளஸ் டூ முடித்த கையோடு வரும் பிள்ளைகளில் 17 வயது நிறைய. ஆதார் நகலை வாட்ஸ்அப் குரூப்பில் கேட்பதை முதலில் நிறுத்துங்கள்.

இன்னொன்று, கோப்பு தயாரானதும் ஓடிப் போய் விண்ணப்பிக்காதீர்கள். திருத்திய பாடத்தை ஒரு முழு அணிக்கு நடத்தி முடித்து, அதன் பதிவுகளோடு போங்கள். காகிதத்தில் முறை இருந்தால் போதாது, நடந்திருக்க வேண்டும்.

8. தணிக்கை, செலவு, காலம்

மூன்று சான்றமைப்புகள் எனக்குச் சொன்ன விலை 38,000, 55,000, 92,000. நடுவில் இருந்ததை எடுத்தேன். குறைந்த விலைக்காரர் அங்கீகார எண் கேட்டதும் பேச்சை மாற்றினார். 55,000த்தோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 64,900. தணிக்கையாளரின் பயணமும் தங்குமிடமும் தனி, எனக்கு 7,400 ஆனது. சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் இரவு வந்து இறங்கினார். மதுரையில் ஆள் வைத்திருக்கும் அமைப்பு கிடைத்தால் இந்தத் தொகை குறையும், விலைக்கோரலிலேயே கேட்டுவிடுங்கள். மைக், எழுத்து வரி, மதிப்பீட்டாளர் என்று முன்பு சொன்னவற்றையும் கூட்டினால் முதல் வருடம் 91,100. ஏமாந்த 4,500 கணக்கில் வரவில்லை, அதை டீச்சர் ஃபீஸ் என்று எழுதிவிட்டேன்.

தணிக்கை இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் ஆவணம் பார்த்து, நீங்கள் தயாரா என்று சொல்வார்கள். இரண்டாம் கட்டத்தில் நடப்பதைப் பார்ப்பார்கள், மாணவர்களிடம் பேசுவார்கள். குறைகளைப் பெரிது, சிறிது என்று பிரிப்பார்கள். பெரிய குறை இருந்தால் அதைச் சரிசெய்து காட்டாமல் சான்று வராது. ஆறு மாதம் தாண்டிவிட்டால் இரண்டாம் கட்டத்தையே மறுபடி நடத்த வேண்டும், பணமும் மறுபடி. எனக்கு ஒரு பெரிய குறையும் மூன்று சிறியவையும் வந்தன. பெரியது: மேல்முறையீடு செய்ய வழியிருக்கிறது என்பதையே மாணவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. சேர்க்கைப் படிவத்தில் ஒரு பத்தி எழுதி, ஓடிக்கொண்டிருந்த அணிக்கும் அனுப்பி, 12 நாளில் முடித்தேன்.

கால அளவு: சுய மதிப்பீடு ஆறு வாரம், திருத்தங்களும் வெளி மதிப்பீடும் பத்து, ஓர் அணி நடத்த எட்டு, உள் தணிக்கையும் மறுஆய்வும் இரண்டு, விண்ணப்பத்திலிருந்து சான்று வர ஒன்பது. தேதி வைக்கும்போது ஊர் நாள்காட்டியையும் பாருங்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழா நாளில் தணிக்கைக்குத் தேதி கொடுத்துவிட்டேன். பால்குடம் போகும் சாலையில் ஆட்டோ நகரவில்லை, என் உதவியாளரும் காப்புக் கட்டி லீவில் இருந்தார்.

9. சான்று வந்த பிறகு

சான்று மூன்று வருடம் செல்லும், ஆனால் வருடம் ஒரு கண்காணிப்புத் தணிக்கை உண்டு. முதலாவது, சான்று முடிவான தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் நடக்க வேண்டும். எனக்கு ஒவ்வொன்றும் 22,000, வரியோடு 25,960. இதைப் பேசாமல் விட்டு, முதல் வருட விலையை மட்டும் குறைத்துக் காட்டுவார்கள்.

விளம்பரத்தில் "ஐஎஸ்ஓ சான்று பெற்ற பாடம்" என்று போடாதீர்கள். சான்று நிறுவனத்தின் மேலாண்மை முறைக்கு. ஐஎஸ்ஓவின் சொந்த லோகோவைப் பயன்படுத்தவே கூடாது. சான்றமைப்பின் முத்திரையை எங்கே போடலாம் என்று அவர்கள் தரும் விதித்தாளைப் பாருங்கள். மாணவர் சான்றிதழில் போட்டால் மாணவரின் திறமைக்கே அந்தச் சான்று என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார், அதனால் நான் போடுவதில்லை. மாணவர் சான்றிதழில் பாடத்தின் பெயர், மணி நேரம், என்னென்ன செய்யத் தெரியும் என்ற நான்கு வரி, தேர்வு நடந்த விதம், சரிபார்க்க ஒரு எண், இவ்வளவுதான். சிங்க முத்திரை, "பட்டம்" என்ற சொல் இரண்டின் பக்கமும் போகாதீர்கள், இரண்டுக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. மென்பொருள் நிறுவனத்தின் லோகோவுக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும்.

"100 சதவீத வேலை உறுதி" என்ற வரி உங்கள் போஸ்டரில் இருந்தால் இன்றே எடுங்கள். பயிற்சித் துறை விளம்பரங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. வேலை உத்தரவாதம் என்ற பொய் வாக்குறுதி அதன்படி தவறு. வெற்றி பெற்ற மாணவரின் படத்தைப் போடவும், அவர் வெற்றி பெற்ற பிறகு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். சேர்க்கைப் படிவத்திலேயே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது செல்லாது.

என் சுவர் நாள்காட்டியில் நான்கு தேதிகளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரி விகிதச் சரிபார்ப்பு. கண்காணிப்புத் தணிக்கைக்கு அறுபது நாள் முன்னால் ஒரு நீல வட்டம், அது உள் தணிக்கைக்கு. இந்த முறை மாசி, பங்குனி இரண்டையும் தவிர்த்துத்தான் தேதி கேட்டிருக்கிறேன்.